எளிய கருவியும் இனிய மலர்களும்

(புக்கிட் பெருவாங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

தகவல் அதிகாரி ஒருவர் மேடையேறினால், சுகாதாரம், சேமிப்பு, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிப் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், இன்று நான் பூக்களைப் படம் பிடிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்குக் காரணம் உங்களுள் ஒருவரே. அண்மையில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, பால்வெட்டுத் தொழில் புரியும் ஓர் அம்மையார் தம் வீட்டு வாசலில் பூத்திருந்த செம்பருத்தியைக் காட்டினார். பிறகு, தாம் எடுத்த அதன் படத்தையும் காட்டினார். “ஐயா, கண்ணுக்கு இவ்வளவு அழகாயிருக்கிற பூ, படத்துல மட்டும் ஏன் இப்படிக் கலங்கிப்போகுது? நல்ல கேமரா வாங்கினாத்தான் சரியாகுமா?” என்று கேட்டார்.

வாங்க வேண்டியதில்லை என்பதே நான் அவருக்குச் சொன்ன விடை. ஏன் வேண்டியதில்லை என்பதை நின்ற நிலையில் விளக்க அன்று நேரமில்லை. அவ்விளக்கத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

என் முதல் படம்

நானும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். எங்கள் வீட்டு வாசலில் அம்மா ஒரு சிறு பூந்தோட்டம் வைத்திருந்தார். செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம், ஒரு மல்லிகைக் கொடி ஆகியவை அதில் இருந்தன. நான் 14 வயதுச் சிறுவனாக இருந்தபோது, பட்டணத்திலிருந்து வந்த என் தாய்மாமன் தம் சிறிய புகைப்படக் கருவியை என்னிடம் கொடுத்து, “ஒரே ஒரு படம் எடுத்துக்கொள், சுருளை வீணாக்காதே” என்றார். 36 படங்கள் கொண்ட படச்சுருள் அது. கழுவி அச்சிடும் செலவும் சிறிதன்று.

நான் அம்மாவின் செம்பருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். பூ பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையால், கருவியை அதன் அருகே ஒரு சாண் தூரத்தில் பிடித்து விசையை அழுத்தினேன். படம் அச்சாகி வந்தபோது, அதில் சிவப்பாக ஏதோ ஒன்று கலங்கிக் கிடந்தது. பூவின் மேற்பகுதியோ முற்றாக வெட்டுண்டு போயிருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் அத்தோட்டம் கைமாறியது. பால்மரங்கள் வீழ்த்தப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. நாங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தோம். அம்மா ஒரு நாள், “நம்ம வாசல் படம் ஏதாவது இருக்காப்பா?” என்று கேட்டார். என்னிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். அதையே கொடுத்தேன். அவர் அதைச் சாமி படத்தின் அருகே வைத்தார். வீட்டிற்கு வந்தவர்கள் அது என்னவென்று கேட்டபோதெல்லாம், “எங்க வீட்டுச் செம்பருத்தி” என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. படம் தானாக எதையும் சொல்லவில்லை.

அன்று நான் செய்த பிழைகள் இரண்டு. அக்கருவியின் இயல்பை அறியாமல் மிக அருகில் சென்றது ஒன்று. அதன் பார்வைத் துளைக்கும் வில்லைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறியாதது மற்றொன்று. இரண்டையும் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடப் பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

குறை கருவியில் இல்லை

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் நல்ல படம் எடுக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஜெர்மனி நாட்டில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்பவர் வாழ்ந்தார். 1865ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளமையில் இரும்பு வார்ப்பாலையில் தொழில் பயின்றவர். பின்னர் பெர்லின் நகரில் கலைப்பள்ளி ஆசிரியரானார். மாணவர்களுக்குச் செடிகொடிகளின் வடிவங்களைக் காட்டுவதற்காக, தாமே அமைத்துக்கொண்ட கருவியால் பூக்களையும் மொட்டுகளையும் தளிர்களையும் பல மடங்கு பெரிதாகப் படம் பிடித்தார். பின்னால் ஓர் அட்டை, மேலே இயற்கை ஒளி, இவற்றோடு ஏறக்குறைய 30 ஆண்டுப் பொறுமை. 1928ஆம் ஆண்டில் அப்படங்கள் நூலாக வெளிவந்தபோது, உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 63.

நம் இனத்திலும் அத்தகைய ஒருவர் உண்டு. 1912 முதல் 1996 வரை வாழ்ந்த மா. கிருஷ்ணன் அவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், யானை முதலிய காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். 1970ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கருவியின் விலை அவரைத் தடுக்கவில்லை. தம் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவர் அறிந்திருந்தார். நாமும் அதையே அறிந்துகொள்ள வேண்டும்.

தூரத்தை அறிதல்

எந்தக் கருவிக்கும், இவ்வளவு அருகே வரலாம், இதற்கு மேல் வரக்கூடாது என்றோர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் படம் கலங்கும். என் மாமனுடையது போன்ற பழைய எளிய கருவிகளுக்கு அவ்வெல்லை ஒரு மீட்டர் அல்லது அதற்கும் சற்று அதிகம். அதாவது, ஏறக்குறைய இரண்டரை முழம். ஒரு சாண் தூரத்தில் நான் அதைப் பிடித்தது எவ்வளவு பெரிய பிழை என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

அடுத்து வந்த சிறிய டிஜிட்டல் கருவிகளில் ஒரு வசதி உண்டு. அவற்றின் பின்புறத்தையோ விசைகளையோ உற்றுப் பாருங்கள். ஒரு சிறு பூவின் சின்னம் இருக்கும். அருகிலுள்ள பொருளைப் படம் எடுப்பதற்கான அமைப்பு அது. அச்சின்னத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில்கூடத் தெளிவாகப் படமெடுக்கலாம். ஆனால், அந்நேரத்தில் ஸூம் விசையைத் தொடாதீர்கள். பெரும்பாலான சிறு கருவிகளில், ஸூம் செய்யச் செய்ய அருகே வரும் எல்லை பின்னோக்கி நகர்ந்துவிடும்.

அடுத்து, விசையை ஒரே அழுத்தாக அழுத்தாதீர்கள். பாதி அழுத்தி நிறுத்துங்கள். கருவி பூவை நோக்கித் தன்னைச் சரிசெய்துகொண்டதும், திரையில் பச்சைக் கட்டம் போன்ற ஓர் அடையாளம் தோன்றும். அதன் பின்னரே முழுவதும் அழுத்த வேண்டும். கைத்தொலைபேசியாக இருந்தால், திரையில் பூவின் மீது விரலால் ஒருமுறை தொடுங்கள். படம் கலங்கினால் ஒரு விரற்கடை பின்னே வாருங்கள். தெளியும் இடமே உங்கள் கருவியின் எல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கருவிதான் இருக்கிறது என்பவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. தாத்தாவோ பாட்டியோ படிப்பதற்கு அணியும் மூக்குக்கண்ணாடியை வில்லையின் முன் ஒட்டினாற்போல் பிடியுங்கள். அதன் அளவு 3 என்றால், ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரையுள்ள தூரத்தில் பூ தெளிவாகும். ஆனால், பார்வைத் துளை வில்லைக்கு மேலே அமைந்திருப்பதால், மிக அருகே செல்லும்போது கண் காண்பதும் வில்லை காண்பதும் ஒன்றாக இரா. கருவியைச் சற்றே மேல்நோக்கிச் சாய்க்காவிட்டால் பூவின் தலை வெட்டுப்படும். என் இரண்டாவது பிழை இதுதான். திரையைப் பார்த்து எடுக்கும் கருவிகளில் இத்தொல்லை இல்லை.

ஒளியும் நேரமும்

படத்தை எழுதுவது ஒளிதான். நடுப்பகலில் நம் நாட்டு வெயில் செங்குத்தாக விழுகிறது. இதழ்களின் மேல் வெள்ளைத் திட்டுகளும், அவற்றின் கீழ்க் கருநிழலும் விழும். அவ்வொளியில் எத்தகைய கருவியும் திணறும். பூக்களுக்கு ஏற்றது காலையின் சாய்ந்த ஒளி; அல்லது மேகம் மூடிய வானத்தின் பரவலான ஒளி. காலையில் காற்றும் குறைவு. பூ அசையாது.

இவ்விடத்தில் பட்டணத்தாருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உங்களுக்கு உண்டு. அவர்கள் படுக்கையை விட்டு எழும்போது, நீங்கள் பெரட்டு முடிந்து நிரையில் நிற்கிறீர்கள். வெட்டு முடிந்து, மங்கில் பால் சொட்டிக்கொண்டிருக்க, பசியாறி இளைப்பாறும் இடைவேளை உங்களுக்கு உண்டல்லவா? பூக்களைப் படம் பிடிக்க மிகச் சிறந்த நேரம் அதுவே. வேலைக்கு இடையூறின்றி, அந்த இடைவேளையில் ஐந்து நிமிடம் போதும்.

பால்மர நிழலில் ஒளி குறைவு. ஒளி குறைந்தால், கருவி தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். அந்நேரத்தில் கை நடுங்கினால் படம் கலங்கும். ஆகவே, இரு முழங்கைகளையும் விலாவோடு சேர்த்துக்கொண்டு, மரத்தில் தோளைச் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டபடி விசையை அழுத்துங்கள். தாழ்ந்த பூவானால், வெற்று வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கருவியை வைக்கலாம். விசையை அழுத்திய பின் சில விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் அமைப்பும் பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் விரல் அழுத்தும் அசைவும் இல்லாமற்போகும்.

கை உறுதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. உள்ளிருக்கும் மரத்தைக் காயப்படுத்தாமல், ஒரு மில்லிமீட்டர் அளவுப் பட்டையை விட்டு, அரையிருளில் உளியை இழுக்கும் கைகள் உங்களுடையவை. அதே கைகளுக்கு ஒரு சிறு கருவியை அசையாமல் பிடிப்பது எம்மாத்திரம்?

பிளாஷ் விளக்கை அணைத்துவிடுங்கள். அருகில் உள்ள பூவின் மீது அது பாய்ந்தால், இதழ்கள் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துவிடும். நிழல் பக்கம் மிகவும் இருண்டிருந்தால், ஒரு வெள்ளைத் தாளை அப்பக்கம் பிடியுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் பூவின் மேல் மெல்லப் படரும்.

நிறத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெள்ளை மல்லிகையைப் படம் முழுவதும் நிரப்பி எடுத்தால், கருவி ஏமாந்து அதைச் சாம்பல் நிறமாக்கும். அப்போது கூட்டல் குறியுள்ள பக்கம் சற்று நகர்த்தி ஒளியைக் கூட்ட வேண்டும். செஞ்செம்பருத்தியில் சிவப்பு மிகுந்து, இதழின் நரம்புகள் மறைந்து, ஒரே திட்டாகிவிடும். அப்போது கழித்தல் குறியுள்ள பக்கம் நகர்த்தி ஒளியைக் குறைக்க வேண்டும்.

பூவின் பின்னால் என்ன?

நாம் பூவைப் பார்க்கும்போது மனம் பூவை மட்டுமே பார்க்கிறது. கருவிக்கு மனமில்லை. துணி உலரும் கொடி, நெகிழிப் பை, மோட்டார் சைக்கிள் ஆகிய எல்லாவற்றையும் அது பார்க்கும். ஆகவே, விசையை அழுத்துமுன் பூவை ஒரு கணம் மறந்து, படத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்தாலே, பின்புலம் பச்சை இலையாகவோ இருண்ட நிழலாகவோ மாறிவிடும். மேலிருந்து குனிந்து எடுக்காமல், பூவின் உயரத்திற்கு உட்கார்ந்து எடுத்தால் அதன் முகம் தெரியும்.

ஒரு கருங்குடை இருந்தால் மூன்று வேலைக்கு ஆகும். வெயிலை மறைக்கும், காற்றைத் தடுக்கும், பூவின் பின்னால் விரித்துப் பிடித்தால் கரும்பின்புலமாகும். பிடிப்பதற்குப் பிள்ளைகளை அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

எவற்றைப் படம் பிடிப்பது?

முதற்பாடத்திற்குச் செம்பருத்தியே சிறந்தது. 1960ஆம் ஆண்டில் அது நம் நாட்டின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் ஐந்து இதழ்கள் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிப்பதாகச் சொல்லப்படுகிறது. பெரிய பூ, எளிதில் கிடைக்கும் பூ. ஆனால், பெரும்பாலும் ஒரு நாள் மட்டுமே வாழும் பூ. காலையில் மலர்ந்தது மாலையில் சுருண்டுவிடும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால், நாளை வேறொரு பூவைத்தான் காண்பீர்கள்.

செம்பருத்தியில் கை பழகிய பின், சிறிய பூக்களிடம் செல்லுங்கள். வேலியில் படரும் நீலச் சங்குப்பூ, வழியோரத் தொட்டாற்சிணுங்கியின் இளஞ்சிவப்புப் பந்து, இளமரங்களுக்கு இடையே மண்ணைக் காக்கப் பயிரிடும் மூடுகொடியின் ஊதாப்பூ ஆகியவற்றை நாம் நாள்தோறும் மிதித்து நடக்கிறோம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியே செல்ல விரும்பினால், அருகில் ஆயர் குரோவில் மலாக்கா தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கும் பயிற்சி செய்யலாம்.

இறுதியாக, ஒரு பூவைக் குறிப்பிட விரும்புகிறேன். உங்களுள் எத்தனை பேர் வீட்டில் பால்மரப் பூவின் படம் இருக்கிறது? ஒரு கையும் உயரவில்லை. என் வீட்டிலும் நெடுங்காலம் இருந்ததில்லை.

1896ஆம் ஆண்டில் இதே மலாக்கா மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்பவர் வாணிப நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டார். அதன் பின்னர் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தலைமுறை தலைமுறையாக இம்மரத்தின் நிழலில் உழைத்தனர். அதன் பட்டையை அறிந்தோம், பாலை அறிந்தோம். மூன்று அறைகளில் மூன்று விதை கொண்ட அதன் காய் வெயிலில் பட்டென்று வெடிக்கும் ஓசையையும் அறிந்தோம். பூவை மட்டும் நின்று பார்த்ததில்லை.

ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்ந்து, புதுத்தளிர் விடும் காலத்தில் இம்மரம் பூக்கிறது. பால் குறைந்து, நம் வருமானமும் குறையும் காலம் அது. வெளிர்மஞ்சள் நிறத்தில், மணி போன்ற சிறு பூக்கள் கொத்துக்கொத்தாகத் தோன்றும். அவற்றிற்குத் தனி இதழ்கள் இல்லை. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொத்தில் இருக்கும். கிளைகளின் நுனியில் சற்றுப் பெரிதாக இருப்பவை பெண்பூக்கள். மெல்லிய நறுமணமும் உண்டு. மரம் உயர்ந்தது, அதில் ஏற முயல வேண்டாம். இரவு காற்றடித்த மறுநாள் காலையில், நிரையில் விழுந்து கிடக்கும் கொத்து ஒன்றை எடுங்கள். கருந்துணியின் மேல் வைத்து, பூச்சின்னத்தைத் தேர்ந்தெடுத்து, மேகம் மூடிய வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். நான் இன்று சொன்ன அனைத்தும் அந்த ஒரு படத்தில் உங்களுக்குப் பயன்படும்.

மூன்று எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். பிறர் வீட்டுப் பூவானால் கேட்டுவிட்டு எடுங்கள். புதரில் கைவைக்குமுன் பாம்பு, குளவி உண்டா என்று பாருங்கள். களைக்கொல்லி தெளித்த இடத்தில் மண்டியிடாதீர்கள்.

பாதுகாத்தல்

எடுத்த படங்கள் தொலைபேசியிலேயே கிடந்தால், அது பழுதாகும் நாளில் அவையும் போய்விடும். ஆகவே, வேறோரிடத்தில் ஒரு படி சேமித்து வையுங்கள். சிறந்த சிலவற்றையாவது அச்சிடுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் பூவின் பெயர், எடுத்த நாள், தோட்டத்தின் பெயர், அதை வளர்த்தவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். பூ மட்டுமின்றி, பூச்செடியோடு வாசலையும், அதை வளர்த்த அம்மாவையும் சற்றுத் தள்ளி நின்று ஒரு படம் எடுத்துவையுங்கள். அதற்கு எந்தப் பழைய கருவியும் போதும்.

மலாக்காவில் பல இடங்களில் பால்மர நிரைகள் இருந்த நிலம் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளுள் பலர் படித்துப் பட்டணம் செல்வார்கள், செல்ல வேண்டும். ஒருநாள் அவர்களுள் ஒருவர், நம் வாசல் எப்படி இருந்தது என்று கேட்பார். அன்று நீங்கள் ஒரு படத்தை எடுத்துக் கொடுக்க, அதிலிருப்பது என்னவென்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிய வேண்டும்.

அம்மாவின் செம்பருத்தியை இனி என்னால் படம் எடுக்க முடியாது. உங்கள் வாசலில் இன்று காலை மலர்ந்தது இன்னும் சில மணி நேரம் விரிந்திருக்கும். வானமும் மேகம் போட்டிருக்கிறது. ஆகவே, என் உரையை நீட்டாமல் உங்களை வீட்டிற்கு அனுப்புகிறேன்.